மூன்று பேர் தொடாத குழம்பு: சேலத்திலிருந்து சாப்பாட்டுச் சிக்கலுக்கு ஏற்ற தெரபியைத் தேடுகிறவர்களுக்கு

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மாப்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கார அக்கா ஆசையாகக் கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பாத்திரம் வாங்க வந்தவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, உப்பு கூடிருச்சா?" என்று கேட்டார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. எனக்குக் கத்தரிக்காய் விதை நாக்கில் பட்டால் பல் கூசி, முதுகு வரைக்கும் சிலிர்க்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எனக்கு ஆட்டிசம் என்று தெரிய வந்தது முப்பதைத் தாண்டிய பிறகு. ஏற்காட்டிலிருந்து வந்திருந்த தம்பி ஒரு திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்ட ஆண். சோறு இறங்கினால் இடுப்பு அகலமாகும், நின்றுபோன மாதவிடாய் திரும்ப வரும் என்று பயந்து ஒதுக்கினான். என் துணைவிக்கு ஏடிஎச்டி, கவனத்தை விருப்பப்படி திருப்ப முடியாத நிலை. கொலுசுப் பட்டறைக் கணக்கை லேப்டாப்பில் விரித்து வைத்து மூழ்கிப் போயிருந்தாள். பசிக்கிறது என்ற தகவலே அவளுக்கு வந்து சேரவில்லை.

குழம்பு ஒன்று, தொடாததற்குக் காரணம் மூன்று. ஒருவருக்குச் சரிப்படுகிற வைத்தியத்தை இன்னொருவருக்குச் செய்தால் இருக்கிற நிலைமையும் கெடும். அதனால் தெரபி தேடுகிறவர் முதலில் தேட வேண்டியது தெரபிஸ்டை இல்லை, தன் காரணத்தை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தராததால் நாங்கள் மூவரும் சில வருடங்களை வீணடித்தோம்.

எடை, கலோரி எதையும் இதில் நான் எழுதப் போவதில்லை. அந்த எண்களோடு போட்டி போடுகிறவர்களும் இதைப் படிப்பார்கள்.

முதலில் உடம்பு

மயங்கி விழுவது, நெஞ்சு வலி, இதயம் தாறுமாறாக அடிப்பது, தண்ணீர்கூட உள்ளே நிற்காதது, வாந்தியில் ரத்தம், செத்துப்போகலாம் என்ற எண்ணம். இதில் எது இருந்தாலும் தெரபி அப்புறம். 108-ஐ அழையுங்கள், அல்லது சேலம் ஜிஹெச், அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, உடைகள் சீக்கிரமாகத் தொளதொளக்கின்றன, எப்போதும் குளிருகிறது, மாதவிடாய் நின்றுவிட்டது என்றால் இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். படுத்திருக்கும்போதும் நின்றிருக்கும்போதும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். ஈசிஜி வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட், சர்க்கரை, ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, தைராய்டு பார்க்க வேண்டும். வாந்தி எடுக்கிற பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். வாந்தியில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். அப்படி வாந்தி எடுத்த உடனே பல் துலக்காதீர்கள். வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் போதும், இல்லாவிட்டால் அமிலத்தோடு சேர்ந்து பல்லின் எனாமலும் தேயும்.

நாலைந்து பொருளை மட்டுமே சாப்பிட்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் ஈறில் ரத்தம் கசிந்தால் அசட்டையாக விடக் கூடாது. வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வந்த ஆட்டிசப் பிள்ளைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். பழைய கப்பல்காரர்களுக்கு வந்த அதே நோய்தான்.

ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தாலும் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. பார்க்கக் குண்டாக இருக்கிறவர் பட்டினியில் இருக்கவே முடியாது என்பதும் தப்பு. எந்த உடம்பிலும் இது வரும். இன்னொன்றையும் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். பல நாள் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாதவரை உட்கார வைத்து ஒரேயடியாக ஊட்டக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

ஒரு வாரம் எழுதி வையுங்கள்

என்ன சாப்பிட்டோம், எவ்வளவு என்று எழுத வேண்டாம். எது தடுத்தது என்று மட்டும். என் பழைய நோட்டிலிருந்து மூன்று வரிகள்:

செவ்வாய் காலை. இட்லியில் தேங்காய்ச் சட்னி பட்டுவிட்டது. பட்ட ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிட்டேன்.

புதன் மதியம். பட்டறையில் பாலிஷ் போடும் வாசம். டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

வியாழன் ராத்திரி. பத்து மணிக்குத்தான் பசி தெரிந்தது. நின்றுகொண்டே ஒரு பாக்கெட் மிக்ஸரைக் காலி செய்தேன். அப்புறம் அழுகை.

ஒரு வாரம் இப்படி எழுதினால் காரணம் தானாகத் தலை காட்டும். வாசம், விதை, வழவழப்பு, சத்தம் என்று வந்தால் அது புலன் சம்பந்தப்பட்டது. வெண்டைக்காயின் கொழகொழப்பு, பால் மேல் படியும் ஆடை, பொரியலில் தட்டுப்படும் தேங்காய்ப்பூ இதெல்லாம் சிலருக்கு மணலைக் கடிப்பது போல. தொண்டையில் சிக்கிவிடுமோ, வாந்தி வந்துவிடுமோ என்ற பயம் இன்னொரு வகை. இவை முற்றி, உடம்பையோ அன்றாட வாழ்க்கையையோ பாதிக்கும் அளவுக்குப் போனால் ஆர்ஃபிட் என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 2013-ல்தான் இந்தப் பெயர் ஏறியது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது, அது 2022-ல் நடைமுறைக்கு வந்தது. ஆர்ஃபிட்டில் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசையே கிடையாது. அந்த வருடங்களுக்கு முன் படித்த மருத்துவர்கள் சிலருக்குப் பெயரே புதிதாக இருக்கலாம்.

பசி தெரியவில்லை, தாகம் தெரியவில்லை, மூத்திரம் முட்டும்போதுதான் எழுந்திருக்கத் தோன்றுகிறது என்றால் அது உடம்பின் உள்செய்தி சரியாக வந்து சேராத விஷயம். இன்டரோசெப்ஷன் என்பார்கள். ஆட்டிசத்திலும் ஏடிஎச்டியிலும் இது அடிக்கடி இருக்கும். பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிட்டு ராத்திரி நிறுத்த முடியாமல் சாப்பிடுவதன் வேர் பல நேரம் இங்கேதான். பேராசையும் இல்லை, மன உறுதிக் குறைவும் இல்லை.

குண்டாகிவிடுவோமோ என்ற பயம், சாப்பிட்ட பின் குற்ற உணர்ச்சி என்று வந்தால் அது பட்டினி கிடக்கிற அனோரெக்சியா, அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கிற புலிமியா பக்கம். அதே பயம் 'பெண் உடம்பாகத் தெரியக் கூடாது', 'ஆண் உடம்பாகத் தெரியக் கூடாது' என்ற இடத்திலிருந்து வருகிறது என்றால் அது பாலின வேதனை. திருநர் மாணவர்களிடம் உணவுச் சிக்கல் மற்றவர்களைவிட அதிகம் என்பதை அமெரிக்கக் கல்லூரிகளில் நடந்து 2015-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அதுக்கு ஆராய்ச்சி வேற பண்ணாங்களா?" என்றான்.

பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று காரணம் கலந்துதான் இருக்கும். பரவாயில்லை, கலந்தே எழுதுங்கள்.

பட்டினியே மனசை மாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான ஆண்களை அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். கொஞ்ச நாளில் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் சமையல் குறிப்பு சேர்த்தார்கள், தட்டில் உணவை வெட்டி வெட்டி அடுக்கினார்கள், ஆட்களை ஒதுக்கினார்கள். பட்டினியில் இருப்பவர் ஆட்டிசம் மாதிரி தெரியலாம், ஆட்டிசம் உள்ளவர் பட்டினிக்காரர் மாதிரியும் தெரியலாம். அதனால்தான் நல்ல மருத்துவர் 'ஏழு வயதில் எப்படி இருந்தாய்?' என்று கேட்பார். அம்மாவையோ பெரியம்மாவையோ கேட்டு அந்தப் பழைய கதைகளையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். "இவ பந்தியில உக்காந்தா இலைய விட்டு ஓடிருவா" மாதிரி ஒரு வரி போதும்.

யாரிடம் போவது

சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேல்படிப்பு படித்தவர். மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், பேச்சு வழியாக வைத்தியம் செய்வார், பரிசோதனைகள் எடுப்பார். இவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார், நினைத்தால் அதுவே ஒரு தகவல். கவுன்சலர் என்ற பலகையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், என்ன படித்தார் என்று கேளுங்கள். புலன் சம்பந்தப்பட்ட சிக்கலுக்கு, அன்றாடச் செயல்களைப் பழக்கித் தருகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் பெரிய உதவி. சேலத்தில் இவர்களைப் பெரும்பாலும் குழந்தைகளுக்கான மையங்களில்தான் பார்க்கலாம். பெரியவர்களைப் பார்ப்பீர்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். டயட்டீஷியன் வேண்டும், ஆனால் எடை குறைப்பு பேக்கேஜ் விற்கிறவர் வேண்டாம்.

உணவுச் சிக்கல், ஆட்டிசம், பால்புதுமை (ஒரே பாலின ஈர்ப்பு, திருநர் போன்றவை) மூன்றும் அறிந்த ஒரே ஆளை சேலத்தில் தேடாதீர்கள். நான் தேடினேன். ஐந்து ரோட்டுக்கும் அஸ்தம்பட்டிக்கும் நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். பிரித்துக்கொள்ளுங்கள். உடம்பைப் பார்க்க உள்ளூரில் ஒரு பொது மருத்துவர், மருந்து தேவைப்பட்டால் உள்ளூரில் ஒரு சைக்கியாட்ரிஸ்ட், பேச்சுக்கு ஆன்லைனில் ஒரு தெரபிஸ்ட். மூவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள நீங்கள் சம்மதம் கொடுக்க வேண்டும்.

காசு இல்லையென்றால் ஜிஹெச் மனநலப் பிரிவின் புறநோயாளிச் சீட்டிலிருந்து தொடங்குங்கள். காலையிலேயே போய்விட வேண்டும். வரிசையின் இரைச்சல் தாங்காதவர்கள் காதடைப்பான் எடுத்துப் போங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். எங்கும் போக முடியாத நிலையில் 14416. ஒன்றிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் இது, 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். ஆழமான தெரபி அதில் நடக்காது. ஆனால் அடுத்து எங்கே போவது என்று கேட்கலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் கேட்கலாம். பெரிய இடம்தான் வேண்டும் என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சிஎம்சி இரண்டுமே சேலத்திலிருந்து ரயிலில் போய்ச் சேரக்கூடிய தூரம்தான். வேலூருக்குக் காட்பாடியில் இறங்க வேண்டும்.

போனில் கேட்க வேண்டியவை

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பணம் கட்டி உட்கார்ந்த பிறகு எழுந்து வருவது நம்மில் பலருக்கு முடியாத காரியம். அதனால் முன்கூட்டியே பத்து நிமிடம் போனிலோ வாட்ஸப்பிலோ கேட்டுவிடுங்கள். போன் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்கள் எழுதி அனுப்பலாம். இது நான் அனுப்பியது, எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். எனக்குச் சாப்பாட்டில் சிக்கல் இருக்கிறது. ஆட்டிசமும் இருக்கிறது. நான் ஒரு பெண்ணுடன் வாழ்கிறேன், அதை மாற்றுவது என் நோக்கம் இல்லை. இப்படிப்பட்டவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? ஆர்ஃபிட் தெரியுமா? எடை பார்ப்பது கட்டாயமா? செஷனில் நான் கேமராவை அணைத்து வைக்கலாமா?"

ஐந்து பேருக்கு அனுப்பினேன். இருவரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர் "எல்லாத்தையும் நேர்ல பேசிக்கலாம் மேடம்" என்றார். நான்காமவர் இந்த ஊர்க்காரர், பெயர் வேண்டாம். அவரிடம் போனேன். இருபது நிமிடம் கேட்டுவிட்டு, "கல்யாணம் ஆனா பசி தன்னால எடுக்கும்மா" என்றார். ஐந்தாமவர் எழுதிய பதில் இது: "ஆர்ஃபிட்ல எனக்கு அனுபவம் கம்மிங்க. ஆனா ஆட்டிசம் உள்ள பெரியவங்களோட வேலை பார்க்கிறேன். உங்களுக்குச் சம்மதம்னா இதுல அனுபவம் உள்ள ஒரு சீனியர்கிட்ட கேட்டுக் கேட்டுச் செய்யறேன். கேமரா வேண்டாம்னா வேண்டாம்." நாலு வருடமாக அவரிடம்தான் இருக்கிறேன். எல்லாம் தெரியும் என்று சொல்கிறவரைவிடத் தெரியாததைச் சொல்கிறவர் மேல்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, தெரிந்துகொண்டே பேசுங்கள். 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் பாலினம், பாலின ஈர்ப்பு காரணமாகச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பால்புதுமையரை 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை விதித்தார். அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் செய்வது மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அந்த நீதிபதி, வழக்கை விசாரிக்கும்போதே, இந்த விஷயம் தனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு தானே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது.

முதல் நாள்

நோட்டை எடுத்துப் போங்கள். சாப்பிடும் மருந்துகளின் சீட்டையும்தான். ஏடிஎச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் பசியை அடக்கும், அதனால் மாத்திரைக்கு முன்பே காலைச் சாப்பாட்டை முடித்துவிடச் சொல்வார்கள். அடோமாக்ஸெடினும் சிலருக்குக் குமட்டலைத் தரும். ஆட்டிசத்தில் எரிச்சலைத் தணிக்கச் சிலருக்குத் தரும் ரிஸ்பெரிடோன் எடையை ஏற்றும். மனச்சோர்வுக்குத் தரும் பூப்ரோப்பியான் என்ற மாத்திரையை அனோரெக்சியா, புலிமியா உள்ளவர்களுக்கோ இருந்தவர்களுக்கோ கொடுக்கக் கூடாது, வலிப்பு வரும் அபாயம் உண்டு. மனச்சோர்வுக்கு ஒருவரும் உணவுச் சிக்கலுக்கு இன்னொருவரும் பார்த்தால் இந்த இடத்தில்தான் இடறும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும், 'அவன்' என்பதா 'அவள்' என்பதா 'அவங்க' என்பதா என்று முதலிலேயே சொல்லுங்கள். பெயர் சீட்டில் ஒன்றாகவும் நாக்கில் வேறாகவும் இருந்தால், வரவேற்பறையில் எதைக் கூவி அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து. தம்பியை முதல் தடவை அவனுடைய பழைய பெயரைச் சொல்லிக் கூட்டத்தின் நடுவில் கூப்பிட்டார்கள். எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்து, வரிசை தீர்ந்த பின் வீட்டுக்கு வந்துவிட்டான்.

சொன்னது வெளியே போகாது என்பது சட்டப்படி உங்கள் உரிமை. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் அதற்கு எல்லை உண்டு. 18 வயது ஆகாதவர்களுக்கு எல்லை இன்னும் குறுகியது. பெற்றோருக்குச் சட்டப்படி இடம் இருக்கிறது, பாலியல் உறவு பற்றிச் சொன்னால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டப்படி தெரபிஸ்ட் புகார் செய்ய வேண்டியிருக்கும். எதை யாரிடம் சொல்வீர்கள் என்று முதல் நாளே கேளுங்கள், பதிலைக் கேட்டபின் மனம் திறங்கள்.

நல்ல தெரபி எப்படி இருக்கும்

மூன்றாவது செஷனில் என் தெரபிஸ்ட் சமையலறை அலமாரியைக் காட்டச் சொன்னார். எனக்குப் பயமில்லாத உணவு ஏழுதான். முறுகலான தோசை, தயிர் சாதம், ஒரே கடையின் தட்டுவடை, உரித்த ஆரஞ்சு, கடலை மிட்டாய், பால், அப்பளம். காய்கறி எங்கே என்று திட்டப் போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். "ஏழு இருக்கா, நல்லது. இது ஏழும் தீராம எப்பவும் வீட்டுல இருக்கணும், அதான் இந்த மாச வேலை" என்றார்.

அப்புறம் அலாரம். காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஐந்து, இரவு எட்டு. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மணி அடித்தால் எதையாவது. 'உடம்பைக் கேள், பசிச்சா சாப்பிடு' என்கிற அறிவுரை இப்போது இன்ஸ்டாகிராமில் நிறைய வருகிறது. பசியே கேட்காதவருக்கும் பட்டினியால் பசி மரத்துப்போனவருக்கும் அது பொருந்தாது.

இரண்டு மாதம் கழித்துத்தான் புதிய உணவு. அதையும் ஏற்கனவே பிடித்ததிலிருந்து ஒரு அடி தள்ளித்தான். என் முறுகல் தோசை மாவில் ஒரு கரண்டி ராகி மாவு. நிறம் மாறியது, மொறுமொறுப்பு மாறவில்லை, சரி. பத்து நாள் கழித்து இரண்டு கரண்டி. அதன் பின் பாசிப்பருப்பு அரைத்த மாவு. வாசம் வேறாக இருந்தது, ஆறு தடவை தட்டில் சும்மா வைத்துப் பார்த்துவிட்டு ஏழாவது தடவை ஓரம் கிள்ளினேன். ஆப்பத்துக்குத் தாவியபோது நடுவிலிருந்த மெத்தென்ற பகுதி வாயில் பட்டதும் துப்பிவிட்டேன். "தட்டுல எடுத்து வச்சீங்கல்ல, அது கணக்குல சேரும். ஆப்பத்த விட்றலாம்" என்றார். துப்பியதற்கு அவர் முகம் சுளிக்காததில் எனக்குப் பாதி வியாதி போனது.

என் துணைவிக்கு, ஒரு உணவிலிருந்து அடுத்ததற்குப் போகும் இந்தச் சங்கிலி எதுவும் தேவைப்படவில்லை. அவளுக்குக் கண்ணெதிரே சாப்பாடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜுக்குள் போனால் அவளைப் பொறுத்தவரை அந்தப் பொருள் உலகத்திலேயே இல்லை. மேஜை மேல் கண்ணாடி டப்பாவில் வேர்க்கடலை, வாழைப்பழம், பக்கத்தில் தண்ணீர்.

தம்பியின் கதை வேறு. அவனுக்கு முதலில் கிடைத்தவர் கண்ணாடி முன் நின்று 'என் உடம்பை நேசிக்கிறேன்' என்று சொல்லச் சொன்னார். தன் உடம்பு தப்பான உடம்பு என்று தவிப்பவனிடம்! அடுத்த வாரம் இன்னும் குறைவாகச் சாப்பிட்டான். இப்போது பார்ப்பவர் கேட்ட கேள்வி: "மாதவிடாயை நிறுத்தத்தான் பட்டினியா?" ஆமாம் என்றான். அதற்கு மருந்துகள் உண்டு, பட்டினியில் எலும்பு தேயும், மகப்பேறு மருத்துவரிடமோ ஹார்மோன் மருத்துவரிடமோ சேர்ந்து போகலாம் என்றார். மார்பை இறுக்கும் பைண்டரைச் சாப்பிடும் நேரத்தில் மட்டும் தளர்த்தி, தொளதொள சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னார். எடை எடுக்கும்போது எண் கண்ணில் படாமல் அவனைத் திரும்பி நிற்க வைத்தார்கள், எண்ணைச் சொல்லவும் இல்லை. ஆனால் அவனுக்குப் 'பிடித்ததை மட்டும் சாப்பிடு' என்று விடவில்லை. பயப்படுகிற உணவையும் நேர அட்டவணைப்படி சாப்பிட வைத்தார்கள். எனக்குச் செய்த வைத்தியத்தை அவனுக்குச் செய்திருந்தால் இளைத்தே போயிருப்பான். அவனுக்குச் செய்ததை எனக்குச் செய்திருந்தால் ஏழு உணவு மூன்றாகியிருக்கும்.

அனோரெக்சியா உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையில் சாப்பாட்டுப் பொறுப்பைக் கொடுக்கிற குடும்ப வழிச் சிகிச்சை ஒன்று உண்டு. பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பிள்ளை திருநர் என்பதையே ஏற்காத வீட்டில் ஒவ்வொரு கவளமும் சண்டையாகிவிடும். அந்த வீட்டுக்கு முதலில் பெற்றோருக்குத் தனியாகச் செஷன் வைக்கச் சொல்லுங்கள்.

எழுந்து வந்துவிட வேண்டிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வாயைப் பிடித்து ஊட்டினால், துப்பியதைத் திரும்பத் தின்ன வைத்தால், கண்ணைப் பார்த்துப் பேசினால்தான் அடுத்த வாய் என்றால், சாமியாரிடம் மந்திரிக்கச் சொன்னால், கேட்காமலே உங்கள் ஈர்ப்பைப் பற்றி வீட்டுக்குப் போன் போட்டால், உடனே கிளம்புங்கள். மருத்துவக் குறிப்புகளின் நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை.

வீட்டில் சொல்வது

எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டு விஷயத்தை மட்டும் சொல்லி, மற்றதைப் பாதுகாப்பு தெரிந்த பின் சொல்லலாம். எங்கள் அம்மாவுக்கு நான் இப்படித்தான் சொன்னேன்.

"அம்மா, நான் கத்தரிக்காய வேணும்னு ஒதுக்கல. உனக்குக் கரும்பலகைல நகத்தால கீறுனா எப்படி இருக்கும்?"

"ஐயோ, கூசும் கண்ணு."

"எனக்கு நாக்குல அப்படி."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க தாத்தாவும் கத்தரிக்காய தொடமாட்டாரு" என்றார். அதற்கப்புறம் குழம்பு தனிக் கிண்ணத்தில்தான் வரும், சோற்றின் மேல் ஊற்றுவதில்லை.

வீட்டார் கவனிக்க வேண்டியது விரதம். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை என்று திடீரென நாட்கள் கூடிக்கொண்டே போனால் பக்தி என்று சந்தோஷப்படாமல் ஒரு நிமிடம் யோசியுங்கள். பட்டினியை ஒளித்து வைக்க நம் வீடுகளில் அதைவிட வசதியான இடம் இல்லை. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், பாராட்டவும் செய்வார்கள்.

மலையிலிருந்து வருகிறவர்களுக்கு

ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வாந்திக்குப் பயந்து சாப்பிடாதவருக்கு அந்தப் பேருந்துப் பயணமே பெரிய பரீட்சை, வெறும் வயிற்றில் வந்தால் குமட்டல் இன்னும் கூடும். தம்பி கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு உலர்ந்த பிஸ்கட் நாலு சாப்பிடுவான், முன் சீட்டில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வருவான். கோடை விழா நடக்கும் மே மாதத்தில் மலைச் சாலை அடைத்துக்கொள்ளும், அந்த வாரங்களில் நேரில் சந்திப்பு வைக்காதீர்கள். ஆன்லைன் செஷன் என்றால் மழை நாளில் சிக்னல் போகும், வீடியோ நின்றால் போன் அழைப்புக்கு மாறுவது என்று தெரபிஸ்டிடம் முன்பே பேசி வையுங்கள். வீட்டில் தனி அறை இல்லாதவர்கள் தோட்டத்துப் பக்கம் நடந்துகொண்டே பேசலாம். அவன் பாதி செஷன்களை ஒரு மிளகுக் கொடிக்குக் கீழே உட்கார்ந்துதான் பேசியிருக்கிறான்.

காபி பற்றி ஒரு வார்த்தை. அங்கே நாளுக்கு ஆறு டம்ளர் சாதாரணம். காபி பசியை அடக்கும். நோட்டில் அதையும் எழுதுங்கள்.

பந்தி வரும்போது

முன்னேறிக்கொண்டே இருப்பவர்களும் ஆடி மாதத்தில் வழுக்குவார்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் ஊர் முழுக்கச் சத்தம், உறவினர் கூட்டம், கூழ், அலாரம் அடிப்பதே கேட்காது. இரண்டு வாரம் முன்பே தெரபிஸ்டிடம் சொல்லி, அந்த வாரத்துக்கு மட்டும் ஒரு சின்னத் திட்டம் போடுங்கள். புதிய உணவு முயற்சி எல்லாம் அப்போது வேண்டாம்.

கல்யாணப் பந்தியில் வரிசை ஓரத்துச் சீட்டைப் பிடியுங்கள், ஒரு பக்கமாவது ஆள் இருக்க மாட்டார். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சாம்பார் வாளி வருவதற்குள் அப்பளத்தையும் சோற்றையும் இலையின் மேல் பகுதிக்குத் தள்ளி வைத்தால் ஓடி வரும் குழம்பு அதில் படாது. பரிமாறுபவர் குனியும்போது இலை மேல் கையை விரித்து "போதுங்கண்ணா" என்றால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. பெரியம்மா யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மோர் வரும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு இலையை மடித்து எழுந்துவிடுங்கள். பாயசத்தைக் கையில் கப்பில் கொடுப்பார்கள். அதை வாங்கிப் பக்கத்திலிருக்கும் பொடிசிடம் தள்ளிவிடலாம்.